பேட்டை காய்கறிக் கடையின் சவுண்ட் பாக்ஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி பேட்டையில் ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருவது போன்ற வேலைகளுக்காக ஒரு சிறு கடை நடத்துகிறேன். எதிர்ச்சாரியில் ஒரு காய்கறிக் கடை. அதை நடத்துகிறவர் ஐம்பது வயதைத் தொடும் ஒரு பெண். தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது; நானும் அப்படியே எழுதுகிறேன்.

2023 ஆவணியில் அந்தக் கடைக்கு ஒரு சவுண்ட் பாக்ஸ் வந்தது. யுபிஐயில் பணம் விழுந்தால் இத்தனை ரூபாய் என்று சத்தமாகச் சொல்லும் பெட்டி. அதே ஆண்டு டிசம்பரில் அது பேச்சை நிறுத்தியது. அதற்கு அப்புறமும் பல மாதங்கள் அதன் வாடகை அக்காவின் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. இது எப்படி நடந்தது, எப்படி நிறுத்தினோம், தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். தொகை பெரிதல்ல. ஆனால் புதிதாக வரும் கருவிகளைப் பற்றியும் அவற்றைக் கொண்டு வரும் நிறுவனங்களைப் பற்றியும் எங்கள் பக்கத்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை இந்த ஒரு சம்பவத்தில் தெளிவாகப் பார்க்க முடிந்தது. பெட்டியைக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. மற்ற கடைகளில் கேட்டுப் பார்த்த வரையில் இது ஒரே ஒரு நிறுவனத்தின் பழக்கமாகத் தெரியவில்லை.

பெட்டி ஏன் வந்தது

யுபிஐ 2016 ஏப்ரலில் தொடங்கியது. அந்த நவம்பர் 8-ஆம் தேதிதான் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். இருந்தாலும் எங்கள் தெருவில் கடைக்குக் கடை கியூஆர் அட்டை தொங்க ஆரம்பித்தது கொரோனாவுக்குப் பிறகுதான். அட்டை வந்தபோதே ஒரு சிக்கலும் கூட வந்தது. பணம் வந்துவிட்டதா என்று யார் பார்ப்பது?

மாலை ஆறு மணிக்கு மேல் அக்கா கடையில் நிற்க இடம் இருக்காது. ஒரு கை தராசில் இருக்கும், மறு கை கீரைக்கட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருக்கும். போன் கல்லாப்பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறைக்குள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியோ ஆங்கிலத்தில். அதனால் வாங்க வந்தவரே தன் போனை நீட்டிக் காட்டுவார். பச்சை நிறத்தில் டிக் அடையாளம் தெரிந்தால் அக்கா தலையாட்டுவார்.

ஏமாந்தது அந்த இடத்தில்தான். என்றைக்கோ அனுப்பிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பணம் போனதைப் போலவே திரையைக் காட்டும் போலிச் செயலிகளும் உண்டு. அக்காவை யார் எப்படி ஏமாற்றினார்கள் என்று அவருக்கே தெரியாது. ராத்திரி கணக்கு இடிக்கும், அவ்வளவுதான். பணம் போனதைவிட, தெரிந்த முகங்களைச் சந்தேகப்பட வேண்டியிருந்ததுதான் அவருக்குப் பெரிய வருத்தம். "போன காட்டுங்கன்னு கேட்டா மூஞ்சியத் தூக்குதாவ தம்பி. கேக்காம விட்டா துட்டு போவுது" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் முதுகில் பையோடு ஓர் இளைஞர் கடை கடையாக ஏறி இறங்கினார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், நன்றாகப் பேசுவார். முதல் மாதம் வாடகை இல்லை, அதற்கு அப்புறம் மாதம் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே என்றார். அக்காவின் போனை வாங்கி ஏதேதோ தொட்டார். "அக்கா, உங்க நம்பர மட்டும் நீங்களே போடுங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா தன் ரகசிய எண்ணைப் போட்டார். பெட்டி பேச ஆரம்பித்தது.

அந்தப் பெட்டியை நான் மனதாரப் பாராட்டுவேன். உள்ளே இருப்பது ஒரு சிம், ஒரு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர், கொஞ்சம் மின்னணு. பணம் சேர்ந்த தகவல் நிறுவனத்தின் சர்வருக்கு வந்ததும் அங்கிருந்து மொபைல் டேட்டா வழியாகப் பெட்டிக்கு வருகிறது. பெட்டி, ஏற்கெனவே பதிவு செய்து வைத்த குரல் துண்டுகளைக் கோத்துத் தொகையைச் சொல்கிறது. இவ்வளவு எளிய கருவி, படிக்கத் தெரியாதவரையும் கண் மங்கியவரையும் கை ஓயாதவரையும் ஒரே நாளில் டிஜிட்டல் வியாபாரத்துக்குள் கொண்டு வந்துவிட்டது. பெட்டி வந்த பிறகு அக்கா யாரிடமும் போனைக் காட்டச் சொன்னதில்லை. "சத்தம் வந்தா துட்டு வந்துட்டு, அம்புட்டுதான்" என்பார். தெருவில் கசப்பு குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெட்டி பேசினால் பணம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பேசாவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. சிக்னல் தாமதமாகக்கூட இருக்கலாம். வாடிக்கையாளரின் கணக்கில் பணம் பிடித்து, கடைக்கு உறுதி வராமல் போனால், ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. இந்த விதி தெரிந்திருந்தால் தெருவில் பாதிச் சண்டைகள் நடந்திருக்காது.

வெள்ளமும் வாடகையும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷன் பகுதி தண்ணீருக்குள் போனது. எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் கரண்டும் போனது, டவரும் போனது. கையில் ரொக்கம் வைத்திருந்தவர் பொருள் வாங்கினார். போனில் மட்டும் பணம் வைத்திருந்தவர் கடன் சொன்னார். அக்கா நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டே காய் கொடுத்தார். அந்த நாட்களில் தெருவை நடத்தியது அந்த நோட்டுதான்.

கரண்ட் வந்தது, டவரும் வந்தது. பெட்டியில் விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறியது. நெட்வொர்க் இல்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த இளைஞரின் எண்ணை அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்றது. அக்கா சில வாரம் பார்த்தார், அப்புறம் பெட்டியை எடுத்து உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டார். கியூஆர் அட்டை வழக்கம்போல வேலை செய்தது, பணமும் வந்தது. பேசாத பெட்டிக்கு யாராவது வாடகை வாங்குவார்களா என்பது அவர் எண்ணம். அவர் இடத்தில் இருந்த எவரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.

விஷயம் வெளியே வந்தது மகளிர் உரிமைத் தொகையால். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்குக்கு வருகிறது. 2024 ஜூனில், இந்த மாதப் பணம் ஏறிவிட்டதா என்று பார்த்துச் சொல்லும்படி பாஸ்புத்தகத்தை என்னிடம் கொண்டு வந்தார். ஆயிரம் ரூபாய் வரிசையாக ஏறியிருந்தது. அதற்குக் கீழே, மாதம் தவறாமல், நூற்றுச் சொச்சம் ரூபாய் இறங்கியிருந்தது. நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி நாலைந்து ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் மாண்டேட், அதாவது அனுமதி, என்ற சொல். பெட்டி ஊமையாக இருந்த ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

அது ஆட்டோபே. 2020 ஜூலையில் அறிமுகமான வசதி. ஒரு முறை ரகசிய எண்ணைப் போட்டு அனுமதி கொடுத்துவிட்டால், குறித்த தொகை வரை, குறித்த காலம் வரை, நிறுவனம் தானாகவே எடுத்துக்கொள்ளலாம். பெட்டி வைத்த அன்று அக்கா எண்ணைப் போட்டது இதற்குத்தான். அவர் பெட்டியை இயக்கப் போடுகிறோம் என்று நினைத்தார். மாதாமாதம் கணக்கில் கை வைக்க அனுமதி கொடுக்கிறோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி இருக்கிறது. தகவலும் வந்திருந்தது. ரீசார்ஜ் விளம்பரங்களுக்கும் கடன் அழைப்புகளுக்கும் நடுவே, ஆங்கிலத்தில். விதிப்படி எல்லாம் நடந்திருக்கிறது; அக்காவுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

அவிழ்த்த விதம்

அனுமதியை ரத்து செய்வது நினைத்ததைவிட எளிதாக இருந்தது. இதை விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும். எந்த யுபிஐ செயலியில் அனுமதி கொடுக்கப்பட்டதோ அதில் தன் விவரப் பக்கத்துக்குள் போனால் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். நடப்பில் உள்ள எல்லா அனுமதிகளும் அங்கே வரிசையாகத் தெரியும். வேண்டாததைத் தொட்டு, ரத்து என்பதை அழுத்தி, ரகசிய எண்ணைப் போட்டால் முடிந்தது. நிறுவனத்திடம் கேட்க வேண்டியதில்லை. வங்கிக்கு அலைய வேண்டியதில்லை. அக்காவின் விரலாலேயே செய்ய வைத்தேன்.

ஏற்கெனவே போன பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் கடினம். நிறுவனத்தின் செயலியில் உதவி என்று ஒரு அரட்டைப் பெட்டி இருந்தது. தமிழில் எழுதினால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதினால், நான் கேட்காத கேள்விக்குப் பதில் வந்தது. தொலைபேசி எண் இருந்தது. அழைத்தால், இந்த வேலைக்கு இந்த எண், அந்த வேலைக்கு அந்த எண் என்று ஒரு பதிவுக் குரல் வழிகாட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மனிதர் கிடைத்தபோது அவர் பணிவாகத்தான் பேசினார். பெட்டியைத் திருப்பி ஒப்படைக்காதவரை வாடகை ஓடும், அது ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார். ஒப்பந்தத்தின் நகலை அக்கா பார்த்ததே இல்லை. யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டதற்கு, உங்கள் பகுதிப் பணியாளரிடம் என்றார். பகுதிப் பணியாளரின் எண் என்று அவர் தந்தது, உபயோகத்தில் இல்லாத அதே எண்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தோம். தமிழிலேயே பேச முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு புதிய பணியாளர் வந்து பெட்டியை எடுத்துப் போனார். இரண்டு மாத வாடகையும் கணக்குக்குத் திரும்பியது.

பெட்டியை முதலில் வைத்த அந்த இளைஞரை அப்புறம் தற்செயலாக நெல்லை வண்ணார்பேட்டையில் பார்த்தேன். ஒரு பைக் ஷோரூமில் வேலை செய்கிறார். நடந்ததைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. வேலையை விட்ட அன்றே நிறுவனம் கொடுத்த சிம்மைத் திருப்பி வாங்கிவிட்டார்களாம். அதனால்தான் எண் செத்துப்போனது. அவருக்குச் சம்பளம் கொஞ்சம், மீதியெல்லாம் எத்தனை பெட்டி வைத்தார் என்ற கணக்கில். வைத்த பெட்டி பேசுகிறதா என்று போய்ப் பார்க்க அவருக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. "மனசு கேக்காம ரெண்டு மூணு கடைக்கு என் சொந்த பெட்ரோல்ல போயி சரி பண்ணிக் கொடுத்திருக்கேன் அண்ணாச்சி" என்றார். அதை நான் நம்புகிறேன். இந்த நிகழ்வில் தவறு எங்கே பிறந்தது என்று என்னைக் கேட்டால், அந்தச் சம்பளக் கணக்கைத்தான் காட்டுவேன். வைக்கும் வேலைக்குக் கூலி உண்டு, பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இல்லை என்றால், எந்தக் கருவியும் சில மாதங்களில் கேட்பாரற்றுத்தான் போகும்.

தெருவில் பேசிக்கொண்டது

இந்தச் சம்பவம் வெளியே தெரிந்த பிறகு பல நாள் இதே பேச்சுதான். அக்கா சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றுக்கும் சாவியாக இருந்தது. "பெட்டி நல்ல பெட்டிதான் தம்பி. அவனுவதான் சரியில்ல."

கருவி வேறு, கம்பெனி வேறு என்று எங்கள் மக்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து பார்க்கிறவர்கள், சின்ன ஊர்க்காரர்கள் புதுத் தொழில்நுட்பத்தைக் கண்டு மிரளுகிறார்கள் என்று எழுதுகிறார்கள். நான் இருபுறமும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி மிரண்டவரை அநேகமாகப் பார்த்ததில்லை. கருவியை ஒரே வாரத்தில் பழகிவிடுகிறார்கள். கம்பெனியை நம்புவதற்குத்தான் வருடக்கணக்கில் யோசிக்கிறார்கள். அந்த யோசனைக்குக் காரணம் இருக்கிறது.

ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ அண்ணாச்சி ஒருவருக்கு இந்தச் செயலிகளின் வரலாறே மனப்பாடம். 2017 செப்டம்பரில் கூகுள் தன் செயலியை தேஸ் என்ற பெயரில் கொண்டு வந்தபோது தமிழிலும் பார்க்க முடிந்தது, திரையில் வரும் பரிசு அட்டையைச் சுரண்டினால் பணம் கொடுத்தது. மறு ஆண்டு அதற்குக் கூகுள் பே என்று பெயர் மாறியது. 2023 இறுதியில் அதிலேயே மொபைல் ரீசார்ஜுக்குக் கட்டணமாக மூன்று ரூபாய் வரை பிடிக்க ஆரம்பித்தார்கள். போன்பே, பேடிஎம் அதற்கு முன்பே பிடித்துக்கொண்டிருந்தன. ஜியோ 2016 செப்டம்பரில் இலவசமாக வந்தது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலையைக் கூட்டின. "மொதல்ல கூப்புட்டுக் கூப்புட்டுக் கொடுப்பான். நம்ம கை பழகிட்டுன்னு தெரிஞ்சா பிடிக்க ஆரம்பிச்சிருவான்" என்பது அவர் தீர்ப்பு. அவர் எந்தச் செயலியையும் விடவில்லை. மூன்றும் போனில் இருக்கின்றன. ரீசார்ஜ் மட்டும் எது அன்றைக்குக் கட்டணம் இல்லாமல் விடுகிறதோ அதில்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அவரை மறித்து, இது நமக்குப் பழைய கதை என்றார். 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அதை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிப் போகிறோம், குடையும் தருகிறோம் என்றது. சுதேசிக் கம்பெனி ஒடிந்த பிறகு இலவசம் நின்றது. அதே தூத்துக்குடியில்தான் 1921-இல் உள்ளூர் வியாபாரிகள் நாடார் வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி ஆனது. வாத்தியார் சொல்ல வந்தது இதுதான்: யார் நடத்துகிறார்கள், கோபம் வந்தால் எந்த வாசலில் போய் நிற்கலாம் என்று தெரிந்த நிறுவனத்தைத்தான் இந்தச் சீமை நம்பியிருக்கிறது. போன்பேயில் பெரும்பங்கு அமெரிக்காவின் வால்மார்ட்டுக்குச் சொந்தம், கூகுள் பே கூகுளுக்கு. யுபிஐ பரிமாற்ற எண்ணிக்கையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்த இரண்டின் வழியாகத்தான் போகிறது. ஒரே செயலி 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ 2020-இலேயே சொல்லிவிட்டு, கெடுவைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பருக்குக் கொண்டுபோயிருக்கிறது. வாத்தியாரின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் பக்கத்தில் வாசல் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளூர் கிளையிலும் மணிக்கணக்கில் நிற்க வைக்கிறார்கள்.

பீடி சுற்றும் ஒரு மைனி சொன்னது வேறு திசை. அவருக்கு இந்தச் செயலிகள் பெரிய வரம். கூலி கணக்கில் விழுகிறது, போனிலேயே பார்க்கிறார், வீட்டுக்காரர் கைக்குப் போகாமல் பிள்ளையின் பீஸ் கட்டுகிறார். "எவன் கம்பெனியா இருந்தா எனக்கென்ன, துட்டு என் பேருல இருக்குல்லா" என்றார். இந்தக் குரலைக் கம்பெனியைத் திட்டுகிற அவசரத்தில் நாம் விட்டுவிடக் கூடாது.

கருவியையும் கம்பெனியையும் பிரிக்கிற இந்தத் தெளிவு ஒரே ஒரு முறை கலங்கியதையும் பார்த்தேன். 2024 ஜனவரி 31-இல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. புதிதாகப் பணம் சேர்க்கும் கடைசி நாள் முதலில் பிப்ரவரி 29, பிறகு மார்ச் 15. கட்டுப்பாடு அந்த வங்கிக்குத்தான். பேடிஎம் செயலியும் கியூஆரும் பெட்டியும் வேறு வங்கிகளின் துணையோடு தொடரலாம் என்று மார்ச் 14-இல் என்பிசிஐ அனுமதித்தது. எங்கள் டீக்கடைக்காரர் இதெல்லாம் தெரியும் முன்பே அட்டையைக் கழற்றிவிட்டார். வங்கி வேறு, செயலி வேறு என்று யாரும் அவர் வாசலில் வந்து சொல்லவில்லை. அட்டையை ஒட்ட வரும்போது மட்டும் ஆள் வந்தது.

நிறுவனத்தின் பக்கம்

நியாயமாக அதையும் பார்க்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அக்கா மாதிரி ஆட்களுக்கு இது பெரிய நன்மை, நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அப்படியானால் செலவுக்கு நிறுவனம் எங்கே போகும்? சிறு வணிகர்களுக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான பரிமாற்றங்களுக்கு 0.15 விழுக்காடு ஊக்கத்தொகை என்று, 2024-25 நிதியாண்டுக்கு மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாற்பது ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கினால் ஆறு பைசா. அதையும் வங்கிகளும் செயலிகளும் பங்கு பிரிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஓட வேண்டும்.

ஆகவே நிலையான வருமானம் என்று பார்த்தால் பெட்டியின் வாடகை, அப்புறம் கடைக்காரருக்கு ஏற்பாடு செய்து தரும் கடன். வாடகை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பேசுகிற பெட்டிக்கு அக்காவே சந்தோஷமாகக் கொடுத்தார். ஒரு பெட்டி எத்தனை நாளாகச் சர்வரோடு பேசவில்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை; அது பேசுவதே சர்வர் வழியாகத்தானே. வாரக்கணக்கில் பேசாத பெட்டிக்கு வாடகையைத் தானாக நிறுத்துவது அவர்களுக்கு ஒரு சிறு நிரல் வேலை. பிடிப்பதற்குத் தானியங்கி வைத்தவர்கள் நிறுத்துவதற்கும் வைத்திருக்கலாம்.

கடன் விஷயம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. நெல்லைத் தெருக்களுக்குத் தண்டல் புதிதல்ல. காலையில் கொடுத்து மாலையில் வசூலிக்கிறவர்களையும் நூறு நாள் தவணைக்காரர்களையும் அக்காவுக்குத் தெரியும். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாடு சட்டமே போட்டது. செயலியில் வரும் கடனிலும் தினத்தவணை உண்டு. அன்றன்று விழும் பணத்திலிருந்தே கழித்துக்கொள்வார்கள். கதவைத் தட்டி அவமானப்படுத்த ஆள் வராது என்பது நல்லது. ஆனால் வியாபாரம் மந்தமான நாளில் தண்டல்காரரிடம் "நாளைக்குத் தாரேன்" என்று சொல்ல முடியும், இங்கே யாரிடம் சொல்வது? 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, செயலி வழியாகக் கடன் தருகிறவர்கள் ஆண்டு வட்டி எவ்வளவு, மொத்தச் செலவு எவ்வளவு என்று ஒரு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எந்தக் கடைக்காரரும் ரகசிய எண்ணைப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நயினார்குளத்தில் விடியற்காலை

பெட்டியோடு சேர்ந்து வந்த இன்னொரு மாற்றத்தை யாரும் பேசவே இல்லை. அக்காவே சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது.

முன்பு அவரிடம் இருந்தது சாதாரண யுபிஐ அட்டை. பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். பெட்டி வேண்டுமென்றால் வணிகர் கியூஆருக்கு மாற வேண்டும் என்றார்கள். அதில் பணம் முதலில் நிறுவனத்தின் வழியாகச் சேர்ந்து, மொத்தமாகத் தொகுத்து, மறுநாள் வங்கிக்கு வந்தது. அக்கா நயினார்குளம் மொத்தச் சந்தைக்குப் போவது விடியும் முன்பு. அங்கே கமிஷன் கடைகளில் ரொக்கத்துக்குத்தான் முதல் மரியாதை. ரொக்கம் காட்டினால் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் குறையும். முந்தின நாள் மாலை விற்ற பணத்தில் பெரும்பகுதி அந்த நேரத்தில் அவர் கைக்கு எட்டாத இடத்தில் நின்றது. பாவூர்சத்திரத்திலிருந்து நல்ல சரக்கு வந்திருக்கும் நாளில் வாங்க முடியாமல் திரும்பியிருக்கிறார். அந்த இடைவெளியை அடைக்கக் கைமாற்று வாங்கினார். அதே இடைவெளியைக் காட்டித்தான் செயலி அவருக்குக் கடன் நீட்டியது.

வாடகை போனது பாஸ்புத்தகத்தில் தெரிந்தது. இந்த இழப்பு எந்த வரியிலும் ஏறவில்லை. என் கணிப்பில் அக்காவுக்கு உண்மையான நஷ்டம் இதுதான். பெட்டியை விற்க வருகிறவரிடம் சிறு வியாபாரிகள் முதலில் கேட்க வேண்டியது, பணம் என் கணக்குக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதே. வாடகை எவ்வளவு என்பதை இரண்டாவதாகக் கேட்டால் போதும்.

இப்போதைய நிலை

அக்கா தன் வங்கிக் கிளையிலேயே கேட்டு வேறு ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார். பல வங்கிகள் இப்போது தாங்களே இதைக் கொடுக்கின்றன. வாடகை ஏறக்குறைய அதே அளவுதான். பணம் அன்றன்றே கணக்குக்கு வருகிறது என்பதை ஒரு வாரம் சோதித்துப் பார்த்த பிறகுதான் பழைய அட்டையைக் கழற்றினார். பெட்டிக்குப் பின்னால் கிளையின் தொலைபேசி எண்ணையும், பெட்டி வந்த தேதியையும், மாத வாடகையையும் ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொன்னார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். வெள்ளத்தின்போது எழுதிய கடன் நோட்டை மூடவில்லை. டவர் போகும் நாளுக்கு அது வேண்டும் என்கிறார்.

பழைய நிறுவனத்திடமிருந்து மீதி மாதங்களின் வாடகை இன்னும் வரவில்லை. பெட்டி வேலை செய்யாத தேதிகளைக் குறித்து, பாஸ்புத்தகப் பக்கத்தின் நகலோடு மறுபடியும் எழுதியிருக்கிறோம். இதற்கிடையில் என் கடைக்கு வேறு வேலையாக வருகிறவர்களிடமும், அவர்கள் சம்மதித்தால், ஆட்டோபே பட்டியலை அவர்கள் கையாலேயே திறந்து பார்க்கச் சொல்கிறேன். பேரன் என்றைக்கோ போட்ட சினிமாச் செயலியின் சந்தா, ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்த விளையாட்டு, கடை மூடியும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி வாடகை என்று ஏதாவது ஒன்று பலருக்கும் அகப்படுகிறது. சென்ற வாரம் வந்த ஒரு தையல்கடை அண்ணாச்சிக்கு, அவரே மறந்துபோன இரண்டு இருந்தன. இரண்டையும் ரத்து செய்துவிட்டு, ரேஷன் கார்டு வேலையை அப்புறம் பார்த்தோம்.